மாட்டிலிருந்து விழுந்தவனும் வட்டி கட்டுகிறவரும்

பட்டிக்காரன் பதில்கள்

சென்ற இதழில் ஒரு படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். லெந்து என்கிற தவக்கால நாட்களில் மானிப்பாய்ப் பக்கம் ஒரு சபை மண்டபத்தில் வாலிபர்கள் போட்டுக் காட்டிய அமெரிக்க வேதப் படம். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் காளை மேல் ஏறிச் சவாரி செய்கிற றோடியோ வீரன் ஒருவன் நல்ல உச்சத்தில் இருக்கிறான். விழுந்து முதுகு உடைகிறது. நோவுக் குளிசையில் தொடங்கிக் குடியில் போய் நிற்கிறான். வெறியில் வாகனம் ஓட்டித் தன் தம்பியின் காலைப் போக்குகிறான். மறியல். வெளியே வந்ததும் ஒரு வயதான போதகரின் பண்ணையில் வேலை, மாடு குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஞானஸ்நானம். கடைசியில் மறுபடியும் அரங்கம், மறுபடியும் காளை. 8 விநாடி தாக்குப் பிடிக்கிறான். சனம் எழும்பிக் கைதட்டுகிறது, விட்டுப்போன மனைவி வாசலில் நிற்கிறா. முற்றும்.

நான் எழுதிய நாலு வரியில் ஒரு வரி, "காளை நன்றாக நடித்தது." அதற்கு வந்த கடிதங்களே இம்முறை பையை நிறைத்துவிட்டன. உரும்பிராய்க்காரரின் கோழி நோய்க் கேள்விக்கு அடுத்த இதழில் பதில் வரும். கோழிகளைப் பிரித்து அடைத்து வைத்திருங்கள், அதுவரைக்கும் அது போதும்.

நாங்கள் ஜெபத்தோடும் பிரயாசத்தோடும் போட்ட படம். "காளை நன்றாக நடித்தது" என்று எழுதியது பகிடிதானே ஐயா?
— வாலிபர் ஒருவர், மானிப்பாய்

பகிடி இல்லைத் தம்பி. அந்த விளையாட்டில் காளைக்கும் புள்ளி உண்டு. மொத்தம் 100 புள்ளியில் பாதி ஏறினவனுக்கு, பாதி காளைக்கு. காளை சோம்பலாகத் துள்ளினால் மேலே இருக்கிறவன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் பரிசுக்குக் கிட்டவும் போக மாட்டான். ஒரு கையால்தான் கயிற்றைப் பிடிக்கலாம். மற்றக் கை காளையிலோ தன் உடம்பிலோ பட்டால் சரி, முடிந்தது. 8 விநாடிக்கு முன் விழுந்தாலும் பூச்சியம். பெரிய போட்டிகளில் ஆண்டுக்கு ஒரு காளைக்கும் சம்பியன் பட்டம் கொடுக்கிறார்கள்.

படத்தில் வந்த காளை 700, 800 கிலோ இருக்கும். எங்கள் நாட்டு மாடு அதில் மூன்றிலொரு பங்கு தேறினாலே பெரிய காரியம். கதவு திறக்குமுன் அந்தக் காளை கூண்டின் பலகையில் சாய்ந்து, ஏறியிருப்பவனின் காலை நசுக்குகிறதே, அந்த இடத்தைக் கவனித்தீரா? அதை எந்த இயக்குநரும் மாட்டுக்குச் சொல்லிக் கொடுக்க ஏலாது. அடைத்து வைத்த மாடு அப்படித்தான் சாயும். ஊசி போடப் போய் நானும் பலகைக்கும் மாட்டுக்கும் நடுவில் அகப்பட்டவன், எனக்கு அந்தக் காட்சியில் முழங்கால் கூசியது.

எனக்கு உண்மையான குறை வேறொன்று. றோடியோக்காரனுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் தானே நுழைவுப் பணம் கட்டி, தன் செலவில் இரவிரவாக வாகனம் ஓட்டிப் போய் ஏற வேண்டும். விழுந்தால் கட்டின காசும் போச்சு. ஜூலை 4 அவர்களுடைய சுதந்திர தினம். அதை ஒட்டிய நாட்களில் ஊருக்கு ஊர் றோடியோ நடக்கும், பரிசுப் பணமும் கூட. அதனால் அந்தக் காலத்தை "கவ்போய் கிறிஸ்மஸ்" என்றே சொல்லுவார்கள். முறிந்த விலாவோடு அடுத்த ஊருக்கு ஓடுகிறவனுக்கு நோவுக் குளிசை ஒரு வேலைச் சாமான். அது எப்படி ஒருவன் கையில் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதுவே பெரிய காரணம். உங்கள் படம் அவனுடைய பாவங்களை ஒவ்வொன்றாகக் காட்டியது, பிழைப்பைக் காட்டவில்லை. சாத்தான் வந்து குளிசைப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

அந்த மாடுகளின் விதையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதால்தான் அப்படித் துள்ளுகின்றன என்று யூடியூபில் சொன்னார்கள். கிறிஸ்தவப் படத்தில் இப்படி ஒரு கொடுமையைக் காட்டலாமா?
— வாசகி, நவாலி

கட்டுகிற இடம் அது இல்லை அம்மா. பின்கால்களுக்குச் சற்று முன்னால், இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு போடுவார்கள். அது மாட்டுக்கு ஒரு அந்தரத்தைக் கொடுக்கும், உதறித் தள்ளப் பின்காலை உயர்த்தி அடிக்கும். சவாரி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். விதையைக் கட்டினால் அந்த நோவில் மாடு துள்ளாது, நின்றுவிடும் அல்லது படுத்துவிடும். நலமடிக்கிற வேலை பார்த்தவனிடம் கேளுங்கள். அதைவிட, நல்ல துள்ளுகாளை என்றால் இனவிருத்திக்குத்தான் மதிப்பு. துள்ளுகிற குணத்தையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்க்கிறார்கள். அதன் விதையை ஒருத்தனும் பழுதாக்க விடமாட்டான்.

கொடுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓடுகிற கன்றின் கழுத்தில் சுருக்கு எறிந்து இழுத்து விழுத்துகிற போட்டியும் றோடியோவில் உண்டு, அதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் நாங்கள் அதிகம் பேசக்கூடாது. சிரித்திரன் சுந்தர் கேலிச்சித்திரமாக வரைந்த சவாரித் தம்பரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஊர் இது. மாட்டுவண்டிச் சவாரி முடிந்த பின்னேரங்களில், பின்தொடையில் ஆணிக்காயத்தோடு கொண்டுவந்த நாம்பன்களுக்கு மருந்து கட்டியவன் நான். "முள்ளுக் கிழித்துப்போட்டுது ஐயா" என்பார்கள். வரிசையாக, ஒரே அளவில் கிழிக்கிற முள்ளை நான் எந்த வேலியிலும் கண்டதில்லை.

இதுவும் ஜல்லிக்கட்டும் ஒன்றுதானே?
— வாசகர், சுன்னாகம்

இல்லை. அங்கே ஏறுகிறவன் கிடையாது. காளையின் ஏரியை, அதாவது திமிலைப் பிடித்துத் தொங்குகிறவன்தான்.

வெறும் 8 விநாடி விளையாட்டில் உயிர் போகும் என்று படத்தில் பயம் காட்டுவது மிகைதானே?
— மாணவர், கோண்டாவில்

மிகையில்லை. 1987இல் உலகச் சம்பியனான லேன் ஃப்ராஸ்ட் 1989 ஜூலை 30ஆம் திகதி வயோமிங் மாநிலத்தின் செயெனில் இறந்துபோனார். வயது 25. அவர் விழுந்து சாகவில்லை. 8 விநாடியையும் முடித்து, இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு காளை திரும்பி வந்து பின்னால் இடித்தது. அன்றைக்கு அங்கே நின்ற நண்பர் கோடி லாம்பர்ட்தான் அடுத்த சில ஆண்டுகளில் நெஞ்சையும் விலாவையும் காக்கிற தடித்த அங்கியை உருவாக்கினார். இப்போது பெரிய போட்டியில் அது இல்லாமல் ஒருவரும் ஏறுவதில்லை. படத்திலும் வீரன் சட்டைக்கு மேல் ஒரு கறுத்த அங்கி போட்டிருப்பான், அது அழகுக்கு இல்லை.

நீங்கள் சைவக்காரர். வேதக்காரரின் படத்தில் உங்களுக்கு என்ன சோலி?
— பெயர் போடாத தபாலட்டை, நல்லூர் முத்திரை

மனைவி வேதக்காரி. நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய நாளிலிருந்து "கெட்டேன், விழுந்தேன், தூக்கப்பட்டேன்" என்ற சாட்சி எங்கள் குச்சொழுங்கைகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. புதுச் சாமான் இல்லை.

தவிர, இந்தக் கதை உங்கள் வீட்டிலும் இருக்கிறதே. அருணகிரிநாதர் வாலிபத்தில் காசையும் உடம்பையும் அழித்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவர், முருகன் தாங்கினார் என்றுதானே கேட்டு வளர்ந்தோம். 1964இல் ரி. எம். சௌந்தரராஜனே அருணகிரிநாதராக நடித்துப் படமும் வந்தது. அதில் ஒன்று கவனியுங்கள். தாங்கப்பட்டவர் எழும்பிப் பழைய இடத்துக்குப் போய்த் தன் பெருமையை மீட்கவில்லை. திருப்புகழ் பாடப் போய்விட்டார். றோடியோப் படத்துக்கு அந்தத் துணிவு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவரை வளர்த்த தமக்கையார் நகைநட்டெல்லாம் தம்பிக்குக் கொடுத்து, கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றவர் என்பது செவிவழிக் கதை. தம்பிக்குக் கோயில் கோயிலாகச் சிலை இருக்கிறது. தமக்கையார் அப்புறம் எதைச் சாப்பிட்டார், எங்கே இருந்தார் என்று எங்கள் கதையும் சொல்வதில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் அடுத்த கடிதம்.

ஐயா, நானும் அந்தப் படம் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், எனக்குக் கோபம் வந்தது. என் கணவரின் தம்பி லொறி ஓட்டினவர். குடியில் லொறி போனது. அதை மீட்க என்று எங்கள் தோட்டக்காணியை ஈடு வைத்து எடுத்த காசும் போனது. இப்போது அவர் திருந்திவிட்டார். பொய் சொல்லக்கூடாது, உண்மையிலேயே குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறார், சனம் கண்ணீர் விடுகிறது. ஈட்டுக்கு வட்டி நான்தான் வெங்காயம் விற்றுக் கட்டுகிறேன். கடவுள் மன்னித்தவனை நீ மன்னிக்க மாட்டாயா, உனக்கு மனம் கல்லு என்கிறா மாமி. எனக்குத்தான் மன்னிக்கத் தெரியவில்லையா?
— வாசகி, பண்டத்தரிப்பு

பிள்ளை, உம்முடைய கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தப் பிள்ளைக்கு வடிவாகப் பதில் எழுதுங்கோ, பகிடி விடாதேயுங்கோ" என்றா. வேத வசனங்களையும் அவதான் எடுத்துத் தந்தா.

முதலில் படம். காலை இழந்த தம்பி எத்தனை தரம் வருகிறான் என்று நினைத்துப் பாரும். விபத்தில் வருகிறான். அப்புறம் கடைசியில், ஊன்றுகோலோடு பார்வையாளர் வரிசையில் நின்று அண்ணனுக்குக் கைதட்டுகிறான். நடுவில் அவனுக்கு யார் புண் கழுவினது, வேலை போனபின் எதில் சீவித்தான், ஆஸ்பத்திரிக் கடனை யார் கட்டினது, ஒன்றும் இல்லை. அண்ணன் குதிரை பழக்குவதற்கும், மலையைப் பார்த்து அழுவதற்கும், சூரியன் மறைவதற்கும் படத்தில் நேரம் இருந்தது. விழுந்தவனோடுதான் கமெரா குந்தியிருக்கும். அவன் விழுந்தபோது கீழே அகப்பட்டவர்களிடம் அது போகாது. உமக்கு வந்த கோபம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது.

இனி, கூட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிற கெட்ட குமாரன் கதை. லூக்கா 15. இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். நல்ல வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, கொழுத்த கன்று எல்லாம் கிடைக்கிறது. ஆனால் அழித்த பங்கு திரும்பக் கிடைக்கவில்லை. வயலிலிருந்து வந்து, கோபத்தில் வெளியே நிற்கிற மூத்தவனிடம் தகப்பன் சொல்வது என்ன? "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." எஞ்சிய சொத்து மூத்தவனுடையது. கணக்கு கணக்காகவே இருக்கிறது. அணைப்பு வேறு, காணி உறுதி வேறு. இன்னொன்று, இளையவனிடம் ஓடின அதே தகப்பன் இவனிடமும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். "உனக்கு மனம் கல்லு" என்று சொல்லவில்லை. மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார். பிரசங்கிமார் கன்றுக்குட்டி விருந்தோடு கதையை முடித்துக்கொள்வதால் இந்த வசனம் பலருக்குக் காதில் விழுவதில்லை.

நாலு அதிகாரம் தள்ளி, லூக்கா 19இல் சகேயு. மரத்தில் ஏறின குள்ளமான ஆயக்காரன், வரி தண்டுகிறவன். அவன் திருந்தினபோது அழுதான் என்று எழுதியில்லை. எழும்பி நின்று கணக்குச் சொல்கிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது இருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வசனம் வருகிறது. உங்கள் கொழுந்தனார் நாலு மடங்கு தர வேண்டாம். ஒரு மடங்கே காணும்.

அமெரிக்காவிலேயே குடியை விட்டவர்களுக்கென்று ஒரு அமைப்பு 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரனில் தொடங்கியது, "ஏ.ஏ." என்பார்கள். அவர்களுக்கு 12 படிகள். 8ஆவது படி, யார் யாருக்குத் தீங்கு செய்தேன் என்று ஒரு பட்டியல் எழுதுவது. 9ஆவது, நேரில் போய் முடிந்தவரை ஈடு செய்வது, அதனால் அவர்களுக்குப் புதுக் கெடுதி வராது என்றால். உணர்ச்சிக்குச் சொன்னது இல்லை. மறைத்த கடனும் முகம் பார்க்க முடியாத ஆட்களும் இருக்கிறவரை போத்தல் திரும்பக் கூப்பிடும் என்பதைக் குடிகாரர்களே அனுபவத்தில் கண்டு எழுதினது. படத்தில் போதகர் வீரனை அப்படி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், நினைவிருக்கிறதா? 8ஆம் படி வருமுன் கதை அரங்கத்துக்கு ஓடிவிட்டது.

அதனால் நான் சொல்வது இது. கொழுந்தனார் உண்மையாகவே திருந்தியிருக்கிறார் என்று நீரே எழுதுகிறீர். அப்படியென்றால் அவரோடு கணக்குப் பேசுவது அவருக்குச் செய்கிற உதவி. கணவரையும் அவர்களுடைய போதகரையும் கூட வைத்துக்கொண்டு, ஈட்டு உறுதியை மேசையில் வையும். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை நீர் கட்டினது எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதும். இப்போது அவர் உழைப்பதில் மாதம் எவ்வளவு தர முடியும் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். ஆயிரம் ரூபாய் என்றாலும் வாங்கும், வாங்கினதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடும். அதிகம் கேட்டு அவரை ஓடப் பண்ணாதீர். தனியாகக் கேட்கவும் வேண்டாம், தனியாகக் கேட்டால் நாளைக்கு நீர் நெருக்கினதாகக் கதை மாறும். போதகர் "இதெல்லாம் உலகக் காரியம்" என்று நழுவினால் லூக்கா 19ஐ வாசித்துக் காட்டும்.

மன்னிப்பு உம்முடையது. எப்போது, எவ்வளவு என்று நீர் பாரும். அதற்கு மாமி தவணை குறிக்க ஏலாது. மாமியோடு சண்டைக்கும் போகாதீர். அடுத்த முறை வட்டி கட்டிய ரசீதை மாமியின் கையில் கொடுத்து, வேதப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைக்கச் சொல்லும்.

படத்தில் எனக்குப் பிடித்த இடத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மானிப்பாய் வாலிபர்கள் இனி என்னை அழைக்க மாட்டார்கள். அந்தப் பண்ணையில் அவன் விடியப்புறம் எழும்பி, முணுமுணுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் பாசியைச் சுரண்டிக் கழுவுகிறான். ஒருவரும் பார்க்கவில்லை, பின்னணி இசையும் இல்லை. பாசி படிந்த தொட்டியில் மாடு தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்கும், பாலும் குறையும். எங்கள் ஊரில் எத்தனை பேர் கழுவுகிறார்கள்? பிறகு அதே தொட்டியில்தான் அவனை முழுக்குகிறார்கள். அது டெக்சாஸ் பக்கத்துக் கவ்போய் சபைகளில் உண்மையாகவே நடப்பது, றோடியோ அரங்கத்திலேயே ஞாயிறு ஆராதனையும் வைப்பார்கள். படம் அந்த இடத்தில் முடிந்திருந்தால் நான் நாலு வரியோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட படங்களுக்கு யார் காசு போடுகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் ஏன் ஒருவரும் எடுப்பதில்லை?
— வாசகர், குருநகர்

பல வேளைகளில் சபைகளே. ஜோர்ஜியா மாநிலத்தின் அல்பனி என்ற ஊரில் ஒரு பப்திஸ்து சபை 2008இல் "ஃபயர்புரூஃப்" என்று ஒரு குடும்பப் படம் எடுத்தது. செலவு ஏறத்தாழ 5 லட்சம் டொலர், வசூல் 3 கோடி டொலருக்கு மேல். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சபையார், சம்பளம் இல்லை. கதாநாயகன் தன் மனைவியைத் தவிர வேறொரு பெண்ணை முத்தமிட மாட்டேன் என்று நின்றதால், முத்தக் காட்சிக்கு அவருடைய சொந்த மனைவியையே கதாநாயகி மாதிரி உடுத்திவிட்டு நிழலில் எடுத்தார்கள். எங்கள் பழைய படங்களில் இரண்டு பூவைக் காட்டிச் செலவில்லாமல் முடித்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இல்லை என்று குருநகரிலிருந்து கேட்கலாமா? மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போட்ட, இயேசுவின் திருப்பாடுகளின் நாடகங்களைப் பார்க்கச் சைவக்காரரும் பாயோடு போய் இடம் பிடித்தார்கள். பெரிய மேடை, நூற்றுக்கணக்கான நடிகர். கமெரா இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு நாம்பன் நல்ல மூர்க்கம். 8 விநாடி ஏறி இருந்து பார்க்கலாமா?
— 9ஆம் வகுப்பு மாணவன், வட்டுக்கோட்டை

ஏறாதே அப்பன். உனக்காக மட்டும் சொல்லவில்லை. நிலைப்பல் இரண்டு முளைக்காத நாம்பன் என்றால் பெரும்பாலும் இரண்டு வயது இன்னும் ஆகியிராது, உன் பாரத்துக்கு அதன் முதுகு பழுதாகிவிடும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து எழுது. தனியாகப் பார்க்காதே, அப்பாவை மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொல். திடீரென்று மூர்க்கம் கூடினது என்றால் உண்ணி, காதுப் புண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கிற மண்ணெண்ணெயைத் தடவ வேண்டாம்.